150 வருஷக் கோயில், சுவர் உதிர்கிறது. இடிக்காமல் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

கோயில்பிள்ளை மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் உள்ள சின்னக் கிராமம். ஊர்ப் பெயர் இப்போதைக்கு வேண்டாம். கமிட்டியில் இருக்கிற எல்லாருமே எனக்கு மாமா, சித்தப்பா முறை. யார் மனதும் நோகாமல் இதை முடிக்க வேண்டும்.

ஊர் நடுவில் இருக்கிற சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, 150 வயசுக்கு மேல் ஆகிறது. கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய இரண்டடிச் சுவர், மேலே பனங்கை (பனைமரச் சட்டம்) போட்டு ஓடு வேய்ந்த கூரை. அப்பா 31 வருஷம் அங்கே கோயில்பிள்ளையாக, அதாவது மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவராக, இருந்தார். மணிக்கயிற்றை முதலில் இழுத்தபோது எனக்கு ஆறு வயசு. மணி திரும்பி வரும்போது கயிறு என்னையும் சேர்த்துத் தூக்கிவிடும். அப்பா இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் பிரதிஷ்டைப் பண்டிகைக்காக (கோயில் திறந்த நாளை வருஷா வருஷம் கொண்டாடுவது) கோயிலைப் "புதுப்பித்தார்கள்". பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு உள்ளேயும் வெளியேயும் சிமெண்ட் பூசி, மேலே எமல்ஷன் பெயிண்ட் அடித்தார்கள். தரையில் இருந்த செங்கல் ஓட்டின் மேலேயே பளபளவென்று டைல்ஸ் ஒட்டினார்கள். சுற்றி மண் தரையாக இருந்த இடத்தில் சிமெண்ட் கல் பதித்தார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் சந்தோஷம்தான். நானும் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்.

இரண்டு மழைக்காலம் தாங்கியது. அப்புறம் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியது. இப்போது தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரை சுவர் முழுக்க உப்புப் பூத்திருக்கிறது. போன வாரம் பெண்கள் உட்காரும் பக்கம் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே கையை வைத்தேன். உள்ளங்கை அளவுக்குப் பூச்சு கழன்று விழுந்தது. அதற்குப் பின்னால் இருந்த கல், விரலால் தேய்த்தாலே மாவு மாதிரி கொட்டுகிறது. ஆல்டருக்கு மேலே சுவரில் ஒரு விரிசலும் இருக்கிறது. அது ஒரு ஆள் உயரம்.

"கட்டிடத்துக்கு வயசாகிவிட்டது, இடித்துவிட்டு கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டுவோம்" என்று கமிட்டியில் பேச்சு ஓடுகிறது. சேகரக் கூட்டத்துக்கு (ஒரே போதகரின் கீழுள்ள சபைகளின் கூட்டம்) இன்னும் இரண்டு மாசம்கூட இல்லை. பெண்கள் சங்கத்தில் நாங்கள் பதினோரு பேர் இடிக்க வேண்டாம் என்கிறோம். ஆனால் "சரி, என்ன செய்யலாம் சொல்லு" என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. பணம் எங்கே என்று கேட்டாலும் இல்லை. கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் தருகிறோம் என்கிறார்கள், அதை எப்படி வாங்குவது என்றும் தெரியவில்லை.

இந்தச் சுவரைக் காப்பாற்ற முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கடுக்காய்த் தண்ணி எழுதியது:

தங்கச்சி, நான் காரைக்குடிப் பக்கம் 26 வருஷமாகச் சுண்ணாம்பு வேலை பார்க்கிற கொத்தனார். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், கட்டிடத்துக்கு வந்திருக்கிற நோய் வயசு இல்லை, சிமெண்ட்.

அந்தக் காலத்துச் சுவருக்கு அடியில் ஓதம் தடுக்கிற பட்டை எதுவும் கிடையாது. மண்ணில் இருக்கிற ஈரம் சுவர் வழியே மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புக் காரை இருந்த வரைக்கும் ஏறிய ஈரம் காரை வழியாகவே வெளியே வந்து காற்றில் காய்ந்துவிடும். தரையில் செங்கல் ஓடு, வெளியே மண், அந்த வழியாகவும் போகும். உங்கள் ஊரில் என்ன செய்தார்கள் பாருங்கள். சிமெண்ட் பூசிச் சுவரை அடைத்தார்கள், டைல்ஸ் ஒட்டித் தரையை அடைத்தார்கள், கல் பதித்து முற்றத்தை அடைத்தார்கள். மூன்று வாசலையும் சாத்தினால் ஈரம் எங்கே போகும்? சுவருக்குள் இன்னும் உயரமாக ஏறும். கடலோரத்து மண்ணென்றால் ஈரத்தோடு உப்பும் ஏறும். சிமெண்ட் பூச்சுக்குப் பின்னால் ஈரம் காய்கிற இடத்தில் அந்த உப்பு கட்டி கட்டியாக இறுகும். இறுகும்போது கல்லையே பெயர்த்துத் தள்ளும். நீங்கள் மாவு என்று சொன்னது அதுதான்.

செய்ய வேண்டியதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதலில் கூரை. ஓடு உடைந்த இடம், பனங்கை சுவரில் உட்கார்கிற முனை, இரண்டையும் ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனங்கை நூறு வருஷம் கிடக்கும், ஆனால் ஓதம் பட்ட முனையைக் கரையான் விடாது. உளியால் குத்திப் பார்த்தால் தெரியும்: இறங்கினால் போச்சு, எகிறினால் நல்ல மரம். கெட்ட முனையை மட்டும் வெட்டி ஒட்டுப்போடலாம், முழுக் கையையும் மாற்றத் தேவையில்லை.

அடுத்து தண்ணீர். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழக் கூடாது. சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குச் சிமெண்ட் கல்லைப் பெயர்த்துவிட்டு, ஒரு முழ ஆழம் தோண்டிச் சரளைக்கல் நிரப்பி, வாட்டம் பார்த்து வெளியே விடுங்கள். அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டிவிடாதீர்கள்.

அதற்கப்புறம்தான் சுவர். சிமெண்டை மெஷின் வைத்து உடைக்கக் கூடாது, சுத்தியலும் உளியும் போதும். எடுத்த பிறகு உடனே பூசாதீர்கள். சுவர் திறந்தே கிடக்கட்டும், காயட்டும். உப்பைத் தென்னந்துடைப்பத்தால் பெருக்கி எடுத்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகு காரை. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றிக் குறைந்தது 15 நாள் ஊறப் போடுங்கள், எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு நல்ல ஆற்று மணல். உங்கள் தேரி மணலும் வேண்டாம், கடல் மணலும் வேண்டாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். உங்கள் ஊரில் கருப்பட்டி இருக்கும்போது வெல்லத்துக்கு ஏன் போக வேண்டும்? பூசிய பிறகு நனைத்த சாக்குப் போட்டு இரண்டு வாரம் ஈரம் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும், அவசரப்படுத்தினால் வெடிக்கும். கடைசியில் சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும், பெயிண்ட் வேண்டவே வேண்டாம்.

விரிசலைப் பற்றி இப்போதே பயப்பட வேண்டாம். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே இரண்டு முனையிலும் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம், இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். உடையாமல் இருந்தால் அது என்றைக்கோ விட்டு அடங்கிப்போன விரிசல்.


தலைக்கட்டு எழுதியது:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மெஞ்ஞானபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். 2000க்குப் பிறகு எங்கள் பழைய கோயிலை இடித்துக் கட்டினோம். கமிட்டியில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

இடிக்கச் சொல்கிறவர்களைக் கெட்டவர்கள் என்று நினைக்காதே அம்மா. கிறிஸ்மஸ் அன்று விடியற்காலம் ஆராதனைக்கு வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் குடும்பத்தோடு வருவார்கள். உள்ளே 200 பேர், வெளியே வேப்பமரத்தடியில் 300 பேர் பனியில் நிற்பார்கள். கைக்குழந்தையோடு நிற்கிற பெண்பிள்ளைகளைப் பார்த்துத்தான் நாங்கள் முடிவெடுத்தோம். இடப் பிரச்சனை உண்மையான பிரச்சனை. அதற்குப் பதில் சொல்லாமல் பழமை, பாரம்பரியம் என்று மட்டும் பேசினால் கூட்டத்தில் எடுபடாது.

ஆனால் இதையும் சொல்கிறேன். இடிக்க ஜே.சி.பி. வந்தது. ஒரு நாளில் முடியும் என்று நினைத்தோம், நாலு நாள் ஆனது. சுண்ணாம்புச் சுவர் ஒவ்வொரு கல்லாகத்தான் விட்டது. பலவீனம் என்று சொல்லி இடித்த சுவர் அது. மூன்றாம் நாள் எங்கள் பெரியப்பா வந்து ஒரு துண்டுக் காரையை எடுத்து வேட்டியில் முடிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். புதுக் கோயிலில் இப்போது இடம் இருக்கிறது. வெயில் காலத்தில் பதினாறு மின்விசிறி ஓடினாலும் உட்கார முடியவில்லை. சாதாரண ஞாயிற்றுக்கிழமை 80 பேர் வந்தால் அதிகம்.

எனக்கு அப்போது தோன்றாத யோசனை ஒன்றைச் சொல்கிறேன். பழைய கோயிலைத் தொடாமல், பண்டிகை நாளுக்காக வடபக்கம் ஒரு திறந்த மண்டபம் போடுங்கள். வருஷத்தில் நாலைந்து நாளுக்குத்தான் அந்தக் கூட்டம். அசனத்துக்கும் (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து) அதே இடம் உதவும். இடிக்கிற, கட்டுகிற செலவில் பாதி கூட ஆகாது.


வைகைக்கரை எழுதியது:

நான் கத்தோலிக்கன், மானாமதுரைப் பக்கம். எங்களுக்குப் பக்கத்தில் இடைக்காட்டூர் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் வைகைக்கரையோரக் கிராமம். அங்கே உள்ள திரு இருதய ஆலயம் 1894ல் செல்லே என்ற பிரெஞ்சு இயேசு சபைச் சாமியார் கட்டியது. பிரான்சில் உள்ள ரேம்ஸ் பேராலயத்தின் சாயலில் எழுப்பியது, அச்சில் வார்த்த செங்கல். மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்து பார்க்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கட்டிடம் நின்றால் ஊர் பெயர் நிற்கும். கோயிலுக்கு வருகிறவர்களை நம்பி டீக்கடை, பூக்கடை, மெழுகுவர்த்திக் கடை என்று நாலு பேர் பிழைப்பார்கள்.

உங்கள் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறதே. கால்டுவெல் 1841ல் இடையன்குடிக்கு வந்தார். கோயிலுக்கு 1847ல் கல் வைத்தார், 1880ல்தான் பிரதிஷ்டை. 33 வருஷம். நடுவிலேதான் 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வந்தது. 1891ல் கொடைக்கானலில் இறந்தபோது உடலை அங்கிருந்து இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். 33 வருஷம் பொறுத்துக் கட்டிய ஆட்கள் இருந்த மண்ணில், சுவர் காய மூன்று மாசம் பொறுக்க மாட்டோமா என்று உங்கள் மாமாக்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. எதைத் தொடுவதற்கும் முன்னால் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ஜன்னல் ஒவ்வொன்றும், கல்வெட்டு ஒவ்வொன்றும், ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு எல்லாமே. பதிவேட்டில் தங்கள் பாட்டன் பெயரைக் கண்ணால் பார்த்த ஆள் இடிக்கச் சொல்ல மாட்டார். எங்கள் பங்கில் இதை அனுபவமாகக் கண்டேன்.


வரவு செலவு எழுதியது:

பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரு சபையில் 12 வருஷம் பொருளாளராக இருந்தேன். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். கோயில் அதைவிட. அதனால் ஒரே தடவை பெரிதாக வசூல் பண்ணி முடிக்கிற காரியமாக இதை நினைக்காதீர்கள். வருஷா வருஷம் கூரைக்கும் வெள்ளை அடிக்கவும் தனியாக ஒரு கணக்கு வேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வருகிறதில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்க முதலில் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் மிகவும் கவனம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் வேலை பார்க்கிற தம்பி, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அனுப்பினால் ஆகும். அவர் இதே ஊரில் பிறந்தவராக இருந்தாலும், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம்தான். அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். "என் சொந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், நான் கோயிலுக்குக் கொடுக்கிறேன்" என்று யாராவது முன்வந்தால் தடுத்துவிடுங்கள். நல்ல மனசோடு செய்தாலும் வம்பு.

தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழக அரசு 2016-17லிருந்து நிதி உதவி கொடுக்கிறது. கட்டிடத்தின் வயசைப் பொறுத்துத் தொகை கூடும், உங்களுடையது பழைய கட்டிடம் என்பதால் மேல்வரிசையில் வரும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விண்ணப்பம் கிடைக்கும். வெளிநாட்டு நிதி வாங்கிய ஆலயத்துக்கு இது கிடையாது, அதனால் எந்தப் பணம் முதலில் என்று யோசித்து முடிவெடுங்கள். எஸ்டிமேட் போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழக்க தோஷத்தில் "சிமெண்ட் பூச்சு" என்று எழுதிவிட்டால், அந்தப் பணம் கடுக்காய் அண்ணன் எடுக்கச் சொன்னதையே திரும்பப் பூசத்தான் போகும்.

சொத்து திருமண்டலத்தின் (பிஷப்பின் கீழுள்ள மேல் நிர்வாகம்) பேரில் இருக்கும். சேகரத் தீர்மானம் மட்டும் போதாது, மேலே எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு ஓட்டைக்கூட மாற்றாதீர்கள். பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்புக்கு மாவட்ட அளவில் கிளைகள் உண்டு, 1984லிருந்து இந்த வேலைதான் செய்கிறார்கள். அவர்களிடமிருந்து ஒரு அறிக்கை கிடைத்தால் கூட்டத்தில் உங்கள் பேச்சுக்குக் கனம் கூடும்.


கோயில்பிள்ளை மகள் எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. தலைக்கட்டு ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் பெரியப்பா காரையை வேட்டியில் முடிந்த இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். முதலில் கண்ணாடி. பழைய போட்டோச் சட்டத்துக் கண்ணாடியை வெட்டி விரிசலில் மூன்று இடத்தில் ஒட்டினோம். இன்று வரை மூன்றும் உடையவில்லை.

அடுத்து ஐயரிடமும் (எங்கள் போதகர்) கமிட்டியில் இருக்கிற பெரிய மாமாவிடமும் போய் நின்றேன். முழுக் கோயிலையும் கேட்கவில்லை. வெஸ்ட்ரிக்கு (ஐயர் அங்கி மாற்றுகிற அறை) பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் நாலுக்கு நாலு அடி மட்டும் கேட்டேன். ஐயரே மேலிடத்துக்கு எழுதி அனுமதிக் கடிதம் வாங்கித் தந்தார். அப்பாவும் உடன்குடியிலிருந்து வந்த ஒரு வயசான கொத்தனாரும் சேர்ந்து உளியால் சிமெண்டை எடுத்தார்கள். ஒரு பாளம் கழன்றதும் உள்ளே கல் கறுப்பாக, நனைந்த துணி மாதிரி இருந்தது. மழை பெய்து நாலு மாசம் ஆகிறது, உள்ளே அவ்வளவு ஈரம். பெரிய மாமா கையை வைத்துப் பார்த்தார். "இவ்வளவு தண்ணியா உள்ள நின்னுச்சு" என்றார்.

மூன்று வாரம் திறந்தே போட்டோம். தினமும் சாயங்காலம் நானோ சங்கத்துப் பெண்களில் ஒருத்தியோ போய்த் துடைப்பத்தால் உப்பைப் பெருக்கினோம். முதல் வாரம் இரண்டு முறம் நிறைய வந்தது. இப்போது ஒரு கைப்பிடி கூட இல்லை. கல் வெளுத்துவிட்டது, தட்டினால் கணீரென்கிறது. பக்கத்தில் சிமெண்ட் இருக்கிற இடத்தைத் தட்டினால் பொத்துப் பொத்தென்று சத்தம். கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் எல்லாரையும் கூட்டிப்போய் இரண்டு இடத்தையும் தட்டிப் பார்க்கச் சொன்னேன். பதிவேட்டுப் படங்களையும் பிரிண்ட் போட்டு வைத்திருந்தோம். வைகைக்கரை அண்ணன் சொன்ன மாதிரியே அவரவர் பாட்டன் பெயரைத் தேடிக்கொண்டு அரை மணி நேரம் யாரும் நகரவில்லை.

கூட்டத்தில் இடிப்பை அடியோடு கைவிடவில்லை. அடுத்த பிரதிஷ்டைப் பண்டிகை வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்குள் கூரையும் வடபக்கச் சுவரும் சுண்ணாம்பில் செய்து காட்ட அனுமதி கொடுத்தார்கள். திறந்த மண்டபத்துக்கு ஒரு திட்டம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தம்பிகள் ஐந்து பேர் பணம் அனுப்பிவிட்டார்கள். கனடா அண்ணனிடம் விவரம் சொன்னேன். விடுமுறைக்கு வரும்போது இரண்டு வாரம் உடன் நின்று வேலை பார்க்கிறேன் என்றார். அரசு உதவிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று.

கடுக்காய் அண்ணனுக்கு ஒரு கேள்வி. திருச்செந்தூர்ப் பக்கம் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைக்கிறது. அதை எடுக்கலாமா, கல் சுண்ணாம்புதான் வேண்டுமா? அரைக்கிற கல் எங்கேயும் இல்லை, இட்லி மாவு கிரைண்டரில் அரைக்கலாமா என்று பெண்கள் கேட்கிறார்கள்.


கடுக்காய்த் தண்ணி எழுதியது:

கிளிஞ்சல் தாராளமாக எடுக்கலாம், கடைசிப் பூச்சுக்கு அதுதான் வெளுப்பு. சுட்டுக் கொஞ்ச நாளே ஆனதாகப் பார்த்து வாங்குங்கள், காற்றுப் பட்டுத் தூளாகிப்போனது வேண்டாம். கடைசிப் பூச்சுச் சுண்ணாம்பை மட்டும் கிரைண்டரில் அரைக்கலாம், ஆனால் அந்தக் கிரைண்டரில் திரும்ப மாவு அரைக்க முடியாது. அடிப்பூச்சுக்கு மணலும் சேரும், கிரைண்டர் தாங்காது. தரையில் கல் பாவிய தொட்டியில் கொட்டி உலக்கையால் இடியுங்கள். பதினோரு பேர் மாற்றி மாற்றி இடித்தால் ஒரு நாளில் ஒரு ஜன்னல் பக்கத்துக்குக் காணும்.

பங்குனி வெயிலில் பூச ஆரம்பிக்காதீர்கள். ஆடிக்காற்றும் வேண்டாம், காரை வெடித்துப்போகும். சாக்கு நனைக்க ஆள் இருக்கிற மாதிரி தேதி பார்த்துச் சொல்லுங்கள். முதல் மூன்று நாள் நான் வந்து நிற்கிறேன், கூலி வேண்டாம். பூச்சைத் தேய்க்கிற மணியாசுக் கட்டையை மட்டும் அப்பாவிடம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.